நீரில் நிற்கும் புதினாவின் மூச்சு

திருநின்றவூரைத் தாண்டி வேப்பம்பட்டு நிலையத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, மனைகளாகிவிட்ட நிலங்களினூடே ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நடந்து செல்கிறவர்கள், மதிற்சுவர் ஓரத்துக் கத்திரிச் செடிகள் கணுக்கால் அளவு நீரில் நின்றுகொண்டே, நீரைக் காணாத செடிகளைப் போல இலை துவண்டு தலை கவிழ்ந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். மண்ணின் இடுக்குகளிலெல்லாம் தங்கியிருந்த காற்றை மழைநீர் வெளியேற்றிவிட்டபடியால், சுவாசிக்க வழியற்றுப்போன வேர்கள் தம்மைச் சூழ்ந்திருக்கும் நீரையே மேலே ஏற்றும் சக்தியை இழந்துவிடுகின்றன. எஞ்சியிருக்கும் கழனியில் நெற்பயிர் மட்டும் அதே நீரில் வாட்டமின்றி நிற்கிறதென்றால், தாளிலிருந்து வேர்வரை காற்று இறங்கிச் செல்லும் நுண்ணிய வழிகளை இயற்கை அதற்கு அளித்திருப்பதே காரணம். தாமரைத் தண்டை ஒடித்துப் பார்க்கும் குழந்தைகள் அதன் உள்ளே காணும் துளைகளும் அத்தகைய காற்று வழிகளே.

மொட்டைமாடியில் மண்ணின்றி நீரிலேயே கீரை வளர்க்க எண்ணுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்பாக மனத்தில் இருத்த வேண்டிய விஷயம் இது. தொட்டியிலுள்ள நீரை மோட்டார் வைத்துச் சுழலவிடுவது உரத்தை வேருக்குக் கொண்டு சேர்ப்பதற்காக என்றே பலரும் கருதுகிறார்கள். அதுவும் ஒரு பயன்தான். ஆயினும் உரம் நீரில் கரைந்து நாள்கணக்கில் நிற்கும், பிராணவாயு அவ்வாறு நிற்பதில்லை. ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 280 மில்லிகிராம் பிராணவாயு இருக்க, 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நீரோ 7.5 மில்லிகிராமுக்கு மேல் அதை ஏற்பதில்லை; அந்தச் சொற்பமும், அசையாத நீரில் மேற்பரப்பிலிருந்து அடிக்கு இறங்க, காற்றில் பரவுவதைவிடப் பதினாயிரம் மடங்கு தாமதிக்கிறது. ஆகவே, வேர் அடர்ந்த தொட்டியில் இருப்புத் தீர்ந்துபோவது விரைவிலும், அது மீண்டும் நிரம்புவது மிக மெதுவாகவும் நிகழ்கின்றன.

1699-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு என்பவர் புதினா வகையொன்றை மழைநீரிலும் ஆற்றுநீரிலும் தோட்டமண் கலந்த நீரிலும் வளர்த்துப் பரீட்சை செய்து பார்த்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் இத்துறையில் ஈடுபட்ட வில்லியம் கெரிக், 25 அடி உயரத் தக்காளிக் கொடிகளைக் காட்டி உலகத்தை வியக்க வைத்ததோடு, 1937-இல் இந்தக் கலைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரையும் புழக்கத்தில் விட்டார். நம் நாட்டில், 1946-ஐ ஒட்டி வங்காளத்தின் காலிம்பாங்கில் ஷோல்டோ டக்ளஸ் நடத்திய பிரயோகங்களே எனக்கு இவற்றைவிட அருமையாகத் தோன்றுகின்றன. ஏனெனில், மின்சாரமும் மோட்டாரும் வாய்க்காத எளிய குடும்பங்களை மனத்தில் கொண்டு, கல்சில்லும் மணலும் நிரப்பிய பாத்திகளில் உரத்தைத் தூவி நீர் தெளித்தே அவர் பயிர் வளர்த்தார். வேருக்கு வேண்டிய காற்றைக் கற்களின் இடைவெளிகளே தந்தன. இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் பின்னர் வகுத்த முறையில், சரிந்த வாய்க்காலில் நீர் ஒரு மெல்லிய ஏடுபோல ஓட, வேரின் கீழ்ப்பகுதி நனைந்தும் மேற்பகுதி காற்றிலும் இருக்கும். நம் மாடிகளில் பி.வி.சி. குழாய்களைத் துளையிட்டு அமைக்கும் தோட்டங்கள் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே.

நீரில் காற்றைக் கலப்பது எப்படி என்பதை நம் தேநீர்க் கடைக்காரர்களிடம் கற்கலாம். அவர்கள் ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்குக் கையுயரத்தில் தேநீரை ஆற்றும்போது, விழும் தாரை காற்றைத் தன்னோடு இழுத்துச் சென்று நுரையாக்குகிறது. குழாய்களைச் சுற்றிவரும் நீரும் தொட்டிக்குத் திரும்புகையில் ஓசையின்றி வழிந்து சேராமல், ஒரு சாண் உயரத்திலிருந்தாவது சலசலத்து விழ வேண்டும். செலவில்லாத உபாயம் இதைப்போல் வேறில்லை. ஆனால், திரும்பும் குழாயின் வாயை நீருக்குள்ளேயே அமிழ்த்திவைத்து இப்பயனை இழந்துவிடுகிறவர்களே அதிகம். பத்தடிக் குழாயின் ஒரு முனை மற்றதைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருந்து, நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஓடினால் போதும். மோட்டார் வாங்கும்போது பெட்டியின்மேல் போட்டிருக்கும் உயரத்தை நம்பி ஏமாறக் கூடாது: ஆறடி என்று அச்சிட்டிருந்தால், ஆறடியில் ஒரு சொட்டும் விழாது என்பதே அதன் பொருள்; மூன்றடியில்தான் கணிசமாக நீர் வரும்.

இரண்டாவது உபாயம் மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்று மோட்டார். அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூருக்கு ஒருமுறை சென்றுவந்தால், மோட்டாரும் மெல்லிய குழாயும் காற்றுக்கல்லும் ஒரே தெருவில் கிடைத்துவிடும். ஐந்து வாட் மோட்டார் இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு நான்கு யூனிட்டை எட்டாது. கல்லிலிருந்து எழும் குமிழிகள் எவ்வளவு சிறியனவோ அவ்வளவு நல்லது. ஒரே அளவு காற்று நுண்ணிய குமிழிகளாகப் பிரியும்போது நீரைத் தொடும் பரப்பு பெருகுகிறது. மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது முக்கியம். கீழே வைத்தால், மின்சாரம் நின்ற கணத்தில் தொட்டிநீர் குழாய்வழியே பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள் புகுந்துவிடும்.

என் மாடியில் நேர்ந்த நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். நீல நிற டிரம் ஒன்றில் புதினா வைத்து, அது மாசி, பங்குனியில் தழைத்ததைக் கண்டு மகிழ்ந்திருந்த நான், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு காலை செடியைத் தாங்கிய கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தபோது, வெண்ணூல்போல் இருந்த வேர்களெல்லாம் பழுப்பேறி, வழுவழுப்பாகி, சாக்கடை வாடை வீசக் கண்டேன். நீரின் உஷ்ணம் 35 டிகிரி. அந்த நிலையில் நீர் ஏற்கும் பிராணவாயு ஏழு மில்லிகிராமுக்கும் குறைவு. வேரோ, உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இருமடங்கு சுவாசிப்பது. வரவு சுருங்கும் வேளையில் செலவு பெருகி, மூச்சுத் திணறிய வேரைப் பித்தியம் என்னும் அழுகல் நோய் எளிதில் பற்றிக்கொள்கிறது. அந்த வாரம் உரத்தை மாற்றியும் கூட்டியும் குறைத்தும் பார்த்த நாட்கள் வீணே கழிந்தன.

பின்னர் டிரம்மை மாடிப்படி அறையின் நிழலுக்கு நகர்த்தி, வெளியே வெள்ளையடித்து, மண்பானைக்குச் செய்வதுபோல் ஈரச் சாக்கைச் சுற்றினேன். மூடியின் இடுக்குகளையும் ஒளி புகாமல் அடைத்தேன். ஒளி பட்டால் பாசி வளரும், பாசியோ இரவில் வேரோடு போட்டியிட்டுப் பிராணவாயுவை உண்ணும். நீரில் மூழ்கி ஓடிய மோட்டார் தன் சூட்டையும் நீருக்கே கொடுத்துக்கொண்டிருந்ததால், அதை மணிக்குக் கால்மணி நேரம் மட்டும் ஓடவிட்டு, காற்று மோட்டாரை இடைவிடாமல் ஓடவைத்தேன். இலைகள் உறங்குகின்றனவென்று இரவில் அதை நிறுத்துவோர் உண்டு; வேருக்கு இரவிலும் சுவாசம் உண்டு என்பதால் அது தவறு.

மின்தடைக்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. மெல்லிய ஏடாக நீர் ஓடும் குழாயில், மின்சாரம் நின்றால் கோடை வெயிலில் ஓரிரு மணிக்குள் செடி துவண்டுவிடும்; டிரம்மிலோ நீர் இருக்கும், காற்றுதான் நிற்கும். ஆதலால் டிரம்மில் நீரை விளிம்புவரை நிரப்பாமல், கிண்ணத்தின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே நான்கு விரற்கடை வெற்றிடம் விட்டு வைத்தேன். சில வாரங்களில் அந்த இடைவெளியில் பஞ்சுபோன்ற கிளைவேர்கள் பக்கவாட்டில் படர்ந்து, ஈரக்காற்றிலிருந்தே சுவாசிக்கத் தொடங்கின. அடுத்த சித்திரையில் ஒருநாள் நண்பகலிலிருந்து மாலைவரை மின்சாரம் வரவில்லை. விளக்கு வந்தபின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், வேர்கள் வெண்மை மாறாதிருந்தன.