பாட்மிண்டன்: ஆட்டத்தின் பெயரில் ஓர் ஊர்

குறுவட்டப் போட்டிகளுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது பூப்பந்து, இறகுப்பந்து ஆகிய இரண்டும் சில பள்ளிகளில் இடம் மாறிவிடுகின்றன. இறகுப்பந்து ஆடிப் பழகிய மாணவி, ஐவர் அணி ஆடும் பூப்பந்துக் களத்தில் போய் நிற்பாள். அவளுடைய ஓராண்டுப் பயிற்சி வீணாகும். எனவே இப்பெயர்களின் பொருளை விளையாட்டு ஆசிரியர் மட்டுமன்றி எல்லா ஆசிரியர்களும் அறிந்திருப்பது நல்லது.

இறகுப்பந்தின் ஆங்கிலப் பெயர் பாட்மிண்டன். இது இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அங்குள்ள பியூஃபோர்ட் கோமகனின் மாளிகைக்கும் அதே பெயர். 19ஆம் நூற்றாண்டில் அந்த மாளிகையின் பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது. அக்காலத்தில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் புனேயில் இதை ஆடியதால் ‘பூனா’ என்ற பெயரும் இதற்கு இருந்தது. 1893இல் இங்கிலாந்தில் பாட்மிண்டன் சங்கம் தோன்றியது.

பழைய ஆங்கிலத்தில் ‘டன்’ என்ற ஈறு குடியிருப்பைக் குறிக்கும். நம் ‘ஊர்’ போன்றதே அது. கரடியூர்ப் பிள்ளைகளிடம் “உங்கள் ஊர்ப் பெயரைப் பிரித்துச் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, பாட்மிண்டனையும் பிரித்துக் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இறகுப்பந்துக்கு ‘ஷட்டில்காக்’ என்று பெயர். ‘ஷட்டில்’ என்பது தறியில் இங்குமங்கும் ஓடும் நாடா. ‘காக்’ என்பது சேவல். இறகுகளால் வந்த பெயர். தறிகள் நிறைந்த சேலம் மாவட்டத்தில் இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை.

பூப்பந்து வேறு ஆட்டம். ஆங்கிலத்தில் இது ‘பால் பாட்மிண்டன்’. தஞ்சை அரச குடும்பத்தாரிடம் தொடங்கியது என்பர். இதன் பந்து மஞ்சள் நிறக் கம்பளி நூலால் ஆனது. எடை 27 முதல் 30 கிராம் வரை. இறகுப்பந்தோ ஐந்து கிராம் அளவே இருக்கும். சிறு காற்றுக்கும் திசை மாறும். காற்று வீசும் மலைப்பள்ளித் திடல்களுக்குப் பூப்பந்தே ஏற்றது. மலேசியத் தமிழர் இறகுப்பந்தையே ‘பூப்பந்து’ என்று எழுதுவதால், அங்குள்ள செய்திகளைப் படிக்கும்போது கவனம் தேவை.

பட்டியலில் கையொப்பமிடும் முன் மாணவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “நீ அடிப்பது இறகையா, நூல்பந்தையா?” பதில் கிடைத்ததும் எந்தப் போட்டி என்பது தெரிந்துவிடும்.