எருக்கஞ்செடியை அறிந்து போற்றுவோம்

ஆவணி மாதத்து வளர்பிறைச் சதுர்த்தி நெருங்கும்போது ஆலயங்களிலும் இல்லங்களிலும் முதலில் தேடப்படுபவை அறுகம்புல்லும் எருக்கம்பூ மாலையுமாகும். தமிழகத்தில் சாலையோரத்திலும் தரிசு நிலத்திலும் தானே முளைத்து நிற்கும் எருக்கு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆலய வளாகங்களிலும் வீட்டு வாசல்களிலும் நட்டு வளர்க்கப்படுகிறது. நாள்தோறும் கண்ணில் படும் செடியே ஆயினும், அதனைச் சரியாக அடையாளம் கண்டு, அதன் இயல்பறிந்து பழகுவோர் சிலரே.

புறநானூற்றின் 106-ஆம் பாடலில் கபிலர் பெருமான் இந்த எளிய பூவைப் போற்றியுள்ளார். சிறப்பில்லாத எருக்கம்பூவாக இருந்தாலும், அன்போடு அளித்தால் தெய்வம் அதனை வேண்டாம் என்று ஒதுக்குவதில்லை என்பது அப்பாடலின் கருத்து. வள்ளல் பாரியின் கொடைத்தன்மையை விளக்க வந்த புலவருக்கு உவமையாகக் கை கொடுத்தது எருக்கே என்பது குறிப்பிடத்தக்கது.

எருக்கை அடையாளம் காண்பது எப்படி? ஆள் உயரத்திற்கு மேலும் வளரக்கூடிய புதர்ச்செடி இது. இலைகள் அகன்று, தடித்து, இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். காம்பு இல்லை என்றே சொல்லும்படி, இலையின் அடிப்பகுதி தண்டைத் தழுவி நிற்கும். இளந்தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும் மாவு பூசியது போன்ற வெண்மை காணப்படும். மெழுகில் செய்தவை போன்ற ஐந்து இதழ்களும், நடுவே சிறு கிரீடம் போன்ற அமைப்பும் கொண்ட பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும். இலையையோ காம்பையோ கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். காய் முற்றி வெடித்தால், பட்டுப் போன்ற பஞ்சுடன் விதைகள் காற்றில் பறக்கும்.

ஊதா நிறப் பூவுடையதும் வெள்ளைப் பூவுடையதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையே. வெள்ளைப் பூவுடையதையே வெள்ளெருக்கு என்று சிறப்பித்துப் போற்றுகின்றனர். பூக்காத நாற்றைக் காட்டி, "இது வெள்ளெருக்கு" என்று யாரேனும் விற்றால், இலையை மட்டும் பார்த்து அதனை உறுதி செய்வது எளிதன்று. பூத்த பின்னரே ஐயம் தீரும். அரளியை எருக்கென்று எண்ணி மயங்குவோரும் உண்டு. அரளி இலை குறுகி நீண்டிருக்கும். பெரும்பாலும் மும்மூன்றாகத் தண்டைச் சுற்றி அமைந்திருக்கும். இரண்டுமே நச்சுத்தன்மை உடையவை என்பதை மறத்தல் ஆகாது.

எருக்கஞ்செடி பூச்சிகளுக்கு ஓர் அன்னசாலையாகவே விளங்குகிறது. மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டுகள் தேன் நாடி வந்து, தம் கால்களில் ஒட்டிக்கொள்ளும் மகரந்தத் திரளை அடுத்த பூவிற்குக் கொண்டு சேர்க்கின்றன. இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்க்கும். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வரும்.

இவை யாவற்றினும் கருதத்தக்கது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி. செம்மஞ்சள் நிறச் சிறகும், கறுத்த சிறகு நுனியில் வெண்புள்ளிகளும் உடையது. பின்சிறகு வெளுத்திருப்பவையும் உண்டு. இது தன் முட்டைகளை எருக்கிலையில் ஒவ்வொன்றாக இடும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்கள் கறுப்பும் வெளுப்புமான வளையங்களும், மஞ்சள் புள்ளிகளும், மூன்று இணைக் கரிய இழைகளும் கொண்டு விளங்கும். எருக்கின் நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை இவற்றை நாடத் தயங்கும். ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களுக்குள் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு விரிக்கும் வண்ணத்துப்பூச்சியாகிவிடும்.

இந்த உண்மையை அறியாமையால், "செடியில் புழு ஏறிவிட்டது" என்று பதறி மருந்தடிப்போர் உண்டு. செடியையே வெட்டி எறிவோரும் உண்டு. மருந்தடித்த செடியின் பூவைப் பறித்து மாலை தொடுத்தால், தொடுப்பவர் கைக்கும் அம்மாலையைத் தொடும் குழந்தைக்கும் அந்த மருந்தே சென்று சேரும். வேரூன்றி வளர்ந்த எருக்கு இலைகளை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் உடையது. அசுவினி மிகுந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவி விடுவதே போதுமானது.

புழுவுக்கு அஞ்சுவோர் உண்மையில் அஞ்ச வேண்டியது எருக்கம்பாலுக்கே. அது கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். உடனே வலி தோன்றாமலும் இருக்கலாம். பின்னரே பார்வை மங்கக்கூடும். ஆகவே, பூப்பறிப்போர் தலைக்கு மேலுள்ள கிளையை வளைத்து இழுத்தல் கூடாது. கையுறை அணிந்து கத்தரிக்கோலால் நறுக்கி, கொத்துகளை நீரில் இட்டுப் பால் வடிந்த பிறகு மாலை தொடுப்பது நலம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடலாகாது. கண்ணில் பால் தெறித்துவிட்டால், தூய்மையான ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவி, வலி இல்லாவிடினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுவர்களைப் பூப்பறிக்க அனுப்பாதிருத்தல் பெற்றோரின் கடமையாகும்.

ஐங்கரனுக்குப் பூவும், கருவண்டுக்குத் தேனும், புழுவுக்கு இலையும் ஒரே செடியிலிருந்து கிடைக்கின்றன. இவ்வாண்டுச் சதுர்த்திக்கு மாலை தொடுக்கும் அன்பர்கள், புழு இருக்கும் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றக் கிளைகளில் பூப்பறிப்பார்களாக. வீட்டிலுள்ள இளையோரை அருகழைத்து அந்தப் புழுவைத் தொடாமல் காட்டி, அது சிறகு பெறும் நாள் வரை காத்திருந்து பார்க்கச் சொல்வார்களாக. எவ்வுயிர்க்கும் தீங்கு நேராமல் தொடுத்த மாலையை விநாயகப் பெருமான் மனமுவந்து ஏற்றருள்வார் என்பது திண்ணம்.