பழைய டிராக்டரில் வெள்ளைப் புகை

மார்கழிக் காலையில் டிராக்டரைக் கிளப்பும்போது சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. என்ஜின் குளிர்ந்திருப்பதால் டீசல் முழுவதும் எரியாமல் வெளியேறுகிறது. சூடேறியதும் புகை அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். சூடேறிய பின்னும் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் அடிக்கடி குறைந்தால் அந்த வண்டியை உழவுக்கு இறக்கக் கூடாது.

நிற்காத வெண்புகை பெரும்பாலும் எரியாத டீசலாக இருக்கும். அல்லது சிலிண்டருக்குள் கசியும் தண்ணீராக இருக்கும். டீசல் புகை நெடி வீசும், கண்ணை எரிக்கும். இன்ஜெக்டர் நாசில் ஒழுகுதல், பம்பின் டைமிங் தவறுதல், பிஸ்டன் ரிங் தேய்தல் ஆகியவை இதற்குக் காரணம். இதில் ரேடியேட்டர் நீர் குறையாது. தண்ணீர் ஆவியானால் டீசல் நெடி அவ்வளவாக இராது. கூலண்ட் கலந்திருந்தால் லேசான இனிப்பு வாடை வரும்.

வெளியே எங்கும் ஒழுகாமலே தண்ணீர் குறைந்தால் முதலில் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதை உழவரே சோதிக்கலாம். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த வண்டியில், கிளப்புமுன் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் கிளப்பவே கூடாது. நீர் கலந்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகள் தேய்ந்து, கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் வரை போய்விடும்.

ஆயில் நன்றாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை நீர் நிரப்பி, என்ஜினை மெதுவாக ஓடவிட வேண்டும். முதலில் வரும் ஓரிரு குமிழிகள் உள்ளே தங்கிய காற்று. விடாமல் குமிழி வந்தால் சிலிண்டரின் வாயு தண்ணீரில் புகுகிறது என்று பொருள். கேஸ்கெட் போயிருக்கலாம், சிலிண்டர் ஹெட்டிலேயே விரிசலும் இருக்கலாம்.

ஆகவே ஹெட்டைக் கழற்றியபின் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட்டால் அதே கோளாறு திரும்ப வரக்கூடும். ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்துள்ளதா, விரிசல் உள்ளதா என்று லேத் பட்டறையில் பார்த்துவிடும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்த வேண்டும். போல்ட்டுகளை உரிய வரிசைப்படி, டார்க் ஸ்பானரால்தான் முடுக்க வேண்டும்.

கேஸ்கெட் போவதற்குப் பெரும்பாலும் அதிகச் சூடே காரணம். கதிரடிப்பின்போது உமியும் தூசும் ரேடியேட்டர் இடுக்குகளை அடைக்கின்றன. விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்து நீக்கலாம். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கக் கூடாது. உப்பான போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே காறை படியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வைத்தியமல்ல. என்ஜின் உரிய சூட்டை எட்டாமல் டீசல்தான் வீணாகும், வெண்புகையும் கூடும்.

வயலில் வண்டி கொதித்துவிட்டால் உடனே மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, மூடியின் மேல் சாக்கைப் போட்டு மெல்லத் திருக வேண்டும். சூடான என்ஜினில் வாய்க்கால் நீரை மொண்டு ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.