ஈ கண்ட நேரம்

பொம்மிடி ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே நோக்குவோருக்குச் சேர்வராயன் மலை தெரியும். அடிவாரம் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் இரவுக்குப் போர்வை தேடுவார்கள். இந்த உஷ்ண பேதம் ஒரு கொலை வழக்கின் போக்கையே மாற்றவல்லது என்றால் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், பிரேதத்தில் நெளியும் புழுவைக் கொண்டு மரணகாலத்தை அநுமானிக்கும் சாஸ்திரம் அந்தப் பேதத்தை ஆதாரமாகக் கொண்டே நிற்கிறது.

ஈயைச் சாட்சிக்கு அழைத்த வழக்கம் புதியதன்று. சீன தேசத்து நீதிபதி சோங் ட்சு 1247-இல் எழுதிய நூலில், அரிவாளால் வெட்டுண்டு ஒருவன் மாண்ட கிராமத்தில், ஊராரின் அரிவாள்களையெல்லாம் தரையில் பரப்பியபோது ஒன்றில் மட்டும் ஈ மொய்த்ததையும், அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் காண்கிறோம். கழுவிய இரும்பிலும் ஈயின் மூக்குக்கு இரத்தம் எஞ்சியிருந்தது!

உடலின் குளிர்ச்சியும் விறைப்பும் மருத்துவருக்கு ஓரிரு நாட்களே குறிப்புத் தரும். பிறகு பேச வேண்டியவை, இறைச்சிக் கடையில் நாம் விரட்டுகிற, பச்சையும் நீலமுமாக மினுங்கும் அந்த ஈக்களே. கண், மூக்கு, வாய், காயம் ஆகிய இடங்களில் அவை இடும் முட்டைகள் நொய்யரிசி சிதறியதுபோல வெளுத்துக் கிடக்கும். நம் கோடையில் ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழு இருமுறை தோலுரிக்கும். அதன் பின்புறத்து மூச்சுத்துளைகளை உருப்பெருக்கியில் பார்த்தால், இரண்டாம் பருவத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு கீற்றும், மூன்றாம் பருவத்தில் மூன்று கீற்றும் தெளிவாகத் தெரியும். வயிறு நிறைந்தபின் அது உடலை விட்டு ஊர்ந்து மண்ணில் புதைந்து பழுப்புக் கூடாகிறது. ஆகையால் பிணத்தை மட்டும் பார்த்து, சுற்றிலும் மண்ணைக் கிளறாமல் திரும்புகிறவர் மிக மூத்த சாட்சியை அங்கேயே விட்டு வருகிறார். பிடித்த புழுக்களில் பாதியை வெந்நீரில் இட்டுச் சாராயத்தில் பாதுகாப்பதும், பாதியை உயிரோடு வளர்த்து ஈயாக்கி இனம் அறிவதும் நிபுணர் வழக்கம். இனத்துக்கு இனம் வளர்ச்சி வேகம் வேறு.

அதே இனமும் குளிரில் மெதுவாகவும் வெப்பத்தில் விரைவாகவும் வளர்வதால், பொம்மிடியில் சில நாட்களில் கொழுக்கும் புழு ஏற்காட்டில் அதே அளவை எட்ட நெடுநேரம் கொள்ளும். போதாததற்கு, திரண்ட புழுக்கள் தாமே சூடு உண்டாக்கும். மாண்டவர் மாலத்தியான் போன்ற பூச்சிமருந்து குடித்திருந்தாலோ ஈ தயங்கித் தாமதிக்கும். சதை காய்ந்தபின் வருவது, வீட்டுப் பானையிலுள்ள கருவாட்டைத் துளைக்கிற அதே வண்டினம்.

புழு சொல்வது ஈ வந்த வேளையையே. உயிர் பிரிந்த வேளையை அன்று. உடலைத் தார்ப்பாயில் சுற்றியிருக்கலாம், கதவடைத்த அறையில் கிடந்திருக்கலாம். இரவிலும் கொட்டும் மழையிலும் ஈ பெரும்பாலும் முட்டையிடுவதில்லை. எனவே வக்கீல் மணிக்கணக்கு கேட்டாலும், நேர்மையான நிபுணர் “குறைந்தது இத்தனை நாள்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.