நகரத்தை எந்தப் பக்கம் நின்று பார்ப்பது?

தமிழ்ப் படங்களில் பட்டணத்துக்குள் நுழைய நெடுங்காலம் ஒரே வாசல்தான் இருந்தது. கிராமத்துக் கதாநாயகன் தகரப் பெட்டியோடு சென்ட்ரல் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வருவான். அண்ணாந்து பார்ப்பான். அடுத்த காட்சியில் எல்.ஐ.சி. கட்டடம், அதற்கடுத்து மெரினா. பட்டணம் வந்தாயிற்று என்று நாமும் புரிந்துகொள்வோம்.

அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு உதவியதில்லை. நாகர்கோவில் சந்திப்பில் மாலையில் ரயிலேறுகிறவர்கள் விடிந்ததும் இறங்குவது எழும்பூரில். அங்கிருந்து நேரே போவது, முன்பே போன அண்ணன்மார் வாடகைக்கு எடுத்திருக்கும் ஒற்றை அறைக்கு. அதில் ஏற்கெனவே ஐந்து பேர் இருப்பார்கள்.

ஒரு பெருநகரத்தின் உயிரைப் பிடித்துக் காட்டிய படங்கள் எவை என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். இந்த வாரம் நம் பட்டியலைச் சொல்கிறோம். அளவுகோல் ஒன்றுதான். அந்த நகரத்தைக் கட்டியவர்கள், சுமந்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள் இருக்கும் பக்கத்தில் கேமரா நின்றதா?

ஊரைவிட்டுப் போவது நமக்குப் பிழைப்புக்காக மட்டும் அல்ல. 'எந்தத் தெரு, யார் மகன்' என்று கேட்காத இடம் ஒன்று வேண்டும் என்பதற்காகவும்தான். கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடுத்த பதிலை நாம் அறிவோம். பம்பாயின் பரேல் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தவர் அவர். அதே அம்பேத்கர், வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடாவுக்கு வேலைக்குப் போனபோது தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். நகரம் கதவைத் திறக்கும், முகத்தில் அறைந்து சாத்தவும் செய்யும். நல்ல நகரப் படம் இரண்டையும் காட்ட வேண்டும்.

ஒரு சுவரின் கதை

முதலில் 'மெட்ராஸ்'. பா.ரஞ்சித் இயக்கி 2014 செப்டம்பரில் வந்தது. வியாசர்பாடி வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு. அங்கே ஒரு பெரிய சுவர், அதில் ஓர் அரசியல் தலைவரின் படம். சுவர் யாருக்கு என்பதில் இரண்டு தரப்புக்குப் பகை. சாவது இரு பக்கமும் அதே குடியிருப்பின் பிள்ளைகள்.

அதுவரை வடசென்னை என்றால் திரையில் கத்தியும் கானாவும்தான். இந்தப் படத்தின் காளி கணினி நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறான். மாலையில் கால்பந்து ஆடும் இளைஞர்கள், கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டம், தண்ணீர்க் குடங்கள், படிக்கட்டில் வம்பளக்கும் அம்மாக்கள் என்று ஒரு முழு ஊரே அந்த அடுக்குமாடிக்குள் இருக்கிறது. காளியின் கையில் 'தீண்டாத வசந்தம்' நாவல் இருப்பதைக் கவனித்தவர்கள் கவனித்தார்கள். கடைசியில் அந்தச் சுவர்ப்படம் அழிகிறது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் கதை முடிகிறது. தேர்தல் வந்தால் நம் குடியிருப்புச் சுவர்களையும் யாரோ வந்து குறித்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளையடிக்கும் செலவுகூட நம்முடையதில்லை. ஆனால் அடிதடி வந்தால் தலை நம்முடையது.

மேடை ஏறிய துறைமுகத் தொழிலாளி

2021 ஜூலையில் அமேசான் பிரைமில் வந்த 'சார்பட்டா பரம்பரை'யும் ரஞ்சித்தின் படம்தான். களம் எழுபதுகளின் வடசென்னை. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலன், ரங்கன் வாத்தியாரின் குத்துச்சண்டைப் பரம்பரைக்காக மேடை ஏறுகிறான். எதிரில் இடியாப்பப் பரம்பரை. அதைவிடப் பெரிய எதிரி சொந்தப் பரம்பரைக்குள்ளேயே இருக்கிறது. 'இவன் ஏறலாமா' என்று பொருமும் உள்ளாட்கள் அவர்கள். ஜெயிக்கப் போகும் நேரத்தில் மேடையில் வைத்தே கபிலனின் ஆடையை உருவுகிறார்கள். பார்த்தவர்கள் நெஞ்சு பதறியது அங்கேதான்.

நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, அதன் பின் நடந்த கைதுகள் என்று நகரத்தின் அரசியல் வரலாறும் குத்துச்சண்டை வரலாறும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலோ இந்தியர், முஸ்லிம், மீனவர், துறைமுகக் கூலி எல்லாரும் கலந்து வாழ்ந்த ஊர்தான் சென்னை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் வேறு நமக்கு நினைவில்லை.

நிலம் யாருடையது?

நகரம் வளரும்போது முதலில் அசைக்கப்படுவது நம் அடுப்புக்கல். 2018 ஜூனில் வந்த 'காலா' இதைத் தாராவியில் வைத்துப் பேசியது. நெல்லைச் சீமையிலிருந்து போன குடும்பத்தின் மூத்தவராக ரஜினிகாந்த். சுத்தம், தூய்மை என்று முழக்கம் போட்டுக்கொண்டே குடிசைகளைப் பெயர்க்க வருபவராக நானா படேகர். கடைசிக் காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைக்கும்போது அரங்கில் எழுந்த சத்தம் நட்சத்திரத்துக்காக மட்டும் எழுந்ததல்ல.

சென்னையில் இதே கதைக்குக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெயர். 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதலில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித்தந்தது. பிற்பாடு ஆற்றோரத்தில் இருந்தவர்களை வண்டியில் ஏற்றி நகரத்தின் ஓரத்தில் இறக்கியது. வேலை ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளையின் பள்ளி இன்னோரிடம். இதை முழுதாகச் சொல்லும் தமிழ்ப் படம் இனிமேல்தான் வர வேண்டும்.

மலையாளத்தில் வந்துவிட்டது. ராஜீவ் ரவி இயக்கிய 'கம்மட்டிப்பாடம்' (2016) நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டியதில்லை. வயலும் வரப்புமாக இருந்த எர்ணாகுளத்தின் ஒரு பகுதி கண்ணெதிரே கான்கிரீட் ஆகிறது. அங்கே தலைமுறைகளாகச் சேற்றில் நின்ற தலித் குடும்பத்தின் பிள்ளைகளை வைத்தே நிலத்தைப் பறிக்கிறார்கள். அடியாளாகப் போனவன் திரும்பிப் பார்த்தால் அவன் வீடும் இல்லை, வயலும் இல்லை. கங்காவாக நடித்த விநாயகனுக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் மனைக் கற்கள் முளைப்பதைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்தப் படம் பக்கத்து வீட்டுச் சாவு மாதிரி.

விடியுமுன் விழிக்கும் நகரம்

நகரத்துக்கு ஓர் அடித்தளம் உண்டு. அது பாதாளச் சாக்கடை. 2014-ல் சைதன்ய தம்ஹானே எடுத்த மராத்திப் படம் 'கோர்ட்' மும்பையின் ஒரு கீழமை நீதிமன்றத்தில் நடக்கிறது. துப்புரவுத் தொழிலாளி ஒருவர் சாக்கடைக் குழியில் இறந்ததற்கு, தன் பாட்டால் அவரைத் தற்கொலைக்குத் தூண்டினார் என்று மக்கள் பாடகர் ஒருவர் மேல் வழக்கு. இறந்தவரின் மனைவி சாட்சிக் கூண்டில் சொல்லும் விவரம் மறக்க முடியாதது. குழிக்குள்ளிருந்து கரப்பான்பூச்சி வெளியே வந்தால்தான் உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறது என்று அவர் கணவர் இறங்குவாராம். பாதுகாப்புக் கருவி அவ்வளவுதான்.

தமிழில் 'விட்னஸ்' (2022) அதே குழியைச் சென்னையில் காட்டியது. தூய்மைப் பணியாளர் இந்திராணியாக ரோகிணி. நீச்சல் வீரனான மகனைச் சாக்கடைக்குப் பறிகொடுத்துவிட்டு நீதிமன்றப் படி ஏறுகிறார். மேற்சொன்ன படங்களில் பெரும்பாலும் ஆண்களே நகரத்தைச் சுமக்கிறார்கள். நம் வீடுகளில் முதல் பேருந்தைப் பிடிப்பது யார் என்று நமக்குத் தெரியும். அந்தக் கணக்கை நேர்செய்தது இந்தப் படம்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நின்றபாடில்லை.

நம் ஊருக்கு வந்து சேர்ந்த நாயகி

பட்டியலின் கடைசிப் படத்தை யாராலும் இனிப் பார்க்க முடியாது. அதன் பிரதி எங்கும் இல்லை. அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி.டேனியல் சொத்தை விற்று, அன்றைய திருவிதாங்கூரின் தலைநகரில் எடுத்த மௌனப் படம் 'விகதகுமாரன்'. நாயகி பி.கே.ரோஸி. புல்லறுத்துப் பிழைத்த குடும்பத்தில் பிறந்து, காக்காரிசி நாடகங்களில் நடித்த புலையர் சமூகப் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம்.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் படம் ஓடியபோது திரை மீது கல் விழுந்தது. ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பி ஒரு லாரியில் ஏறியவர், அந்த ஓட்டுநரையே மணந்து, நடிகை என்ற அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்தது நம் நாகர்கோவிலில் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மலையாள சினிமாவின் முதல் நாயகி நம் தெருவில் காய்கறி வாங்கியிருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்பதுதான் வேதனை.

2013-ல் வந்த 'செல்லுலாய்டு' படத்தில் அவர் கதை கொஞ்சம் சொல்லப்பட்டது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வைத்தது. அதே ஆண்டு சென்னையில் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்தியது.

ஒரு நகரம் துரத்தியபோது ரோஸி இங்கே வந்தார். அவர் வந்த ஊரிலிருந்து நம் பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போகிறார்கள். போவதற்குமுன் அந்த நகரம் எப்படி இருக்கும், வாடகை வீடு கேட்டால் என்ன கேள்வி வரும், யாருடைய சுவருக்காகச் சாகக்கூடாது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன படங்களில் அது இருக்கிறது.

நம் குடியிருப்புகளில் மாலைநேரப் படிப்பகங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோஸியின் பெயரில் ஒரு படம் போடலாம். வாடகைக்கு ஒரு புரொஜெக்டர், கட்டுவதற்கு ஒரு வெள்ளை வேட்டி, படம் முடிந்ததும் பேச ஒரு மணி நேரம். அன்று கல் விழுந்த திரையை நம் ஊரில் நாமே கட்டினால், அவருக்குச் செய்யும் மரியாதை வேறென்ன வேண்டும்?