தொழில்நுட்ப எழுத்தும் அறநெறியும்

ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாகும் ஒரு பொருள் மக்களின் கைக்கு வரும்போது தனியாக வருவதில்லை. அதனுடன் சில சொற்களும் வருகின்றன. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய லேபிள், பூச்சிமருந்துடன் வைக்கப்படும் துண்டுப் பிரசுரம், இயந்திரத்துடன் கொடுக்கப்படும் கையேடு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. விஞ்ஞானி என்ன கருதினார் என்பதை உபயோகிப்பவர் அறியார். லேபிள் என்ன சொல்லுகிறது என்பதையே அவர் அறிவார். இத்தகைய குறிப்புகளை எழுதுவோரையும், அவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்போரையும் தொழில்நுட்ப எழுத்தாளர் என்று கூறலாம்.

இத்தொழிலுக்கு வரவிருக்கும் மாணவருக்குச் சுருக்கம், தெளிவு, ஒழுங்கு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அறநெறியையும் அவருக்குக் கற்பிக்க வேண்டுமா? வேண்டுமெனில் எவ்வாறு கற்பிப்பது? மைசூரில் உருவான ஓர் உணவுப் பொருளின் வரலாறு இக்கேள்விகளுக்கு விடை காணப் பெரிதும் துணை செய்கிறது.

தெளிவு மட்டும் போதுமா?

தெளிவாக எழுதுவோர் நேர்மையாகவே எழுதுவர் என்பது பலருடைய நம்பிக்கை. அமெரிக்கப் பேராசிரியரான ஸ்டீவன் காட்ஸ் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட சான்று, 1942-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதியிடப்பட்ட நாஜி ஜெர்மனியின் அலுவலகக் குறிப்பு ஒன்றாகும். சில மோட்டார் வண்டிகளில் செய்ய வேண்டிய மாறுதல்களை அக்குறிப்பு விவரிக்கிறது. இன்ன குறை, அதற்கு இன்ன காரணம், இன்ன பரிகாரம் என்று வரிசையாகக் கூறுகிறது. எழுத்து முறையை மட்டும் நோக்கினால் அதில் குறைகாண இயலாது. ஆனால் அவ்வண்டிகளோ மனிதர்களை உள்ளே அடைத்து நச்சுவாயுவினால் கொல்வதற்கென்று அமைக்கப்பட்டவை. அடைக்கப்பட்ட மக்களை அக்குறிப்பு 'சுமை' என்றே குறிப்பிடுகிறது.

இது கொடுமையின் எல்லை. சாதாரண அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் எழுதுவோர் இத்தகைய தீமையைச் சந்திப்பதில்லை. எனினும் இதில் ஒரு பாடம் உண்டு. எழுதுகிறவரின் கண்ணிலிருந்து மனிதர் மறைந்து, பொருளும் எண்ணும் மட்டும் எஞ்சி நிற்கும்போது, தெளிவு என்ற குணம் எந்தக் காரியத்துக்கும் பணிபுரியத் தயாராகிவிடுகிறது. எனவே தெளிவைக் கற்பிக்கும் ஆசிரியர், 'யாருக்காக இத்தெளிவு?' என்ற கேள்வியையும் உடன் கற்பிக்க வேண்டியவராகிறார்.

மைசூரில் உருவான குழந்தை உணவு

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி செலுவாம்பா மாளிகையில் தொடங்கப்பட்டது. மைசூர் மன்னர் நாலாம் கிருஷ்ணராஜ உடையார் இளவரசி ஒருவருக்காகக் கட்டுவித்த மாளிகை அது. டாக்டர் வி. சுப்பிரமணியன் நிலையத்தின் முதல் இயக்குநராக விளங்கினார்.

அக்காலத்தில் குழந்தைகளுக்கான பால் மாவு பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வந்தது. நம் நாட்டில் எருமைப் பால் மிகுதியாகக் கிடைத்தபோதிலும், அது குழந்தை உணவுக்கு ஏற்றதன்று என்ற கருத்து நிலவியது. காரணம் எளிது. தாய்ப்பாலில் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய 1 பங்குதான். எருமைப் பாலிலோ சுமார் 4 பங்கு. எருமைப் பாலின் கொழுப்பு நூற்றுக்கு 7 பங்கு வரை இருக்கும். பசும்பாலில் சுமார் 4 பங்கே. கேசின் என்னும் புரதம் மிகுந்திருப்பதால் எருமைப் பால் வயிற்றில் கெட்டியாகத் திரைந்து, சிசுவுக்கு எளிதில் செரிப்பதில்லை.

மைசூர் நிலையத்தின் விஞ்ஞானிகள் 1950-களில் இத்தடையைக் கடந்தனர். கொழுப்பைக் குறைத்தும், சர்க்கரைச் சத்தையும் வைட்டமின்களையும் சேர்த்தும், பால் மிருதுவாகத் திரையும்படி பக்குவம் செய்தும், அதனை உலர்த்தி மாவாக்கும் முறையை வகுத்தனர். குஜராத்தில் ஆனந்த் நகரிலுள்ள கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் இம்முறையைக் கையாண்டு, அமுல் என்ற பெயரில் குழந்தை உணவைத் தயாரித்தது. இந்திய விஞ்ஞானத்தின் பயனுள்ள சாதனைகளுள் ஒன்றாக இது இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.

டப்பாவுக்கும் குழந்தைக்கும் இடையே

ஆனால் பால் மாவு நல்லதாக இருப்பதனால் மட்டும் குழந்தை நலமடைந்துவிடாது. அம்மாவு எந்த நீரில், எவ்வளவு கலக்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பவற்றைப் பொறுத்தே பயன் அமையும். மாவின் விலை குடும்பத்தின் வருவாய்க்கு மிஞ்சியதாக இருந்தால், டப்பா நெடுநாள் வரவேண்டும் என்று தாய் மாவைக் குறைத்து நீரை மிகுதியாகச் சேர்ப்பாள். குழந்தையின் வயிறு நிறையும், உடல் தேயும். அசுத்தமான நீரிலும் சரியாகக் கழுவப்படாத புட்டியிலும் கிருமிகள் பெருகி, வயிற்றுப்போக்கு உண்டாகும். இதற்கிடையே தாயிடம் பால் சுரப்பதும் குறைந்துபோகும். பிறகு தாய்ப்பாலுக்குத் திரும்புவது கடினம். நோயை எதிர்க்கும் பொருள்கள் தாய்ப்பாலில் உண்டு. டப்பாப் பாலில் அவை இல்லை.

இந்த அபாயத்தைப் பற்றிய எச்சரிக்கை புதிதன்று. 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், சிசுக்களுக்கு டப்பாப் பால் புகட்டும் வழக்கத்தையும் அதற்குத் துணைபோன விளம்பரங்களையும் ஒரு சொற்பொழிவில் கடுமையாகக் கண்டித்தார். இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. பாலைத் தயாரித்தவர் ஒருவர். அதைப் புகழ்ந்து எழுதியவர் வேறொருவர். தீங்கில் இருவருக்கும் பங்குண்டு. ஆனால் எழுதியவரின் பெயர் எந்த டப்பாவிலும் அச்சாவதில்லை. பெயர் வெளித்தெரியாத இடத்தில் மனச்சான்று ஒன்றே காவல் என்பதனால்தான் இத்தொழிலுக்கு அறநெறிப் பயிற்சி அவசியமாகிறது.

சட்டம் வகுத்த லேபிள்

1981-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதார மகாசபை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை பற்றிய சர்வதேச நெறிமுறைகளை ஏற்றது. 1983-இல் இந்தியா தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டது. பின்னர் 1992-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவை பற்றிய சட்டத்தை இயற்றியது. 2003-இல் செய்யப்பட்ட திருத்தம் அதனை மேலும் கடுமையாக்கியது.

இச்சட்டம் லேபிளில் இருக்க வேண்டியவற்றையும் இருக்கக் கூடாதவற்றையும் விவரமாகக் கூறுகிறது. குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்ற அறிவிப்பு பெரிய எழுத்தில் இடம்பெற வேண்டும். சுகாதார ஊழியரின் ஆலோசனையின்மேல் மட்டுமே இம்மாவை உபயோகிக்கலாம் என்று தெரிவிக்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக மாவு சேர்த்தால் ஊட்டம் போதாது. மிகுதியாகச் சேர்த்தால் குழந்தைக்குத் தேவையான நீர் கிடைக்காது என்ற எச்சரிக்கையும் தேவை. குழந்தையின் படமோ பெண்ணின் படமோ கூடாது. மாவு தாய்ப்பாலைப் போன்றதே என்ற எண்ணத்தை எழுப்பும் சொற்களும் விலக்கப்பட்டுள்ளன. தாய்மாருக்கெனத் தயாரிக்கப்படும் பிரசுரங்களில், டப்பாப் பால் புகட்டுவதனால் குடும்பத்துக்கு ஏற்படும் செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

கொழுகொழு என்ற குழந்தையின் படத்தில் பொய் எதுவும் எழுதப்படவில்லை; ஆயினும் அது ஒரு வாக்குறுதியைத் தருகிறது. நிறைவேறுமென்று உறுதி கூற இயலாத வாக்குறுதி அது. பொய் சொல்லாதிருப்பது மட்டும் உண்மை பேசுவதாகாது என்ற பழைய நீதியை, இச்சட்டம் அச்சுத் தொழிலுக்குப் பொருத்திக் காட்டியிருக்கிறது.

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள்

சட்டம் எல்லாவற்றையும் காக்க இயலாது. சொல்லைத் தேர்ந்தெடுப்பது எழுதுகிறவரின் பொறுப்பிலேயே விடப்படுகிறது. தமிழில் எழுதுவோர் சந்திக்கும் மூன்று இடங்களைக் காண்போம்.

முதலாவது, 'ஒரு கரண்டி மாவு' என்பது. எந்தக் கரண்டி? டப்பாவினுள் இருக்கும் அளவுக் கரண்டியா, வீட்டுக் கரண்டியா? குவித்து எடுப்பதா, தலைதட்டி எடுப்பதா? 'டப்பாவிலுள்ள கரண்டியால் தலைதட்டி ஒரு கரண்டி' என்று எழுதினால் ஐயம் நீங்குகிறது. படியாலும் உழக்காலும் அளந்து பழகிய தமிழருக்குத் 'தலைதட்டி' என்ற சொல் நன்கு விளங்கும்.

இரண்டாவது, 'வெந்நீர்' என்ற சொல். பேச்சு வழக்கில் சுடவைத்த நீரெல்லாம் வெந்நீரே. அது கொதித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் கிருமிகள் அழிவதற்கு நீர் கொதிக்க வேண்டும். மேலும், பால் மாவும் கிருமிகள் அறவே அற்றதன்று என்பதால், கொதித்த நீர் 70 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே ஆறுமுன் மாவைக் கரைத்து, பிறகு ஆறவைத்துப் புகட்ட வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. 'வெந்நீரில் கலக்கவும்' என்ற இரண்டு சொற்கள் இவ்வளவு செய்தியையும் விழுங்கிவிடுகின்றன.

மூன்றாவது, எச்சரிக்கையின் வினைமுற்று. 'கூடாது' என்பது ஒன்று. 'தவிர்ப்பது நல்லது' என்பது வேறு. முன்னது விலக்கு, பின்னது யோசனை. மூலத்தில் விலக்காக இருப்பதை யோசனையாக மாற்றினால் வாக்கியம் இனிமையடையலாம். ஆனால் படிப்பவர் ஏமாற்றப்படுகிறார். இவ்வாறே, 'சோதனை செய்யப்பட்டது' என்று எழுதும்போது யார் செய்தார், எங்கே செய்தார் என்பவை மறைகின்றன. செயப்பாட்டு வினை குற்றமுடையதன்று. பொறுப்பாளியை மறைப்பதற்காக அதைக் கையாள்வதே குற்றம்.

வகுப்பில் கற்பிக்கும் முறை

அறநெறியைத் தனிச் சொற்பொழிவாக நிகழ்த்தினால், மாணவர் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்துவிடக்கூடும். எழுதும் பயிற்சியுடன் இணைத்துக் கற்பிப்பதே பயன் தரும். பால் மாவு டப்பாவை வைத்துக்கொண்டே இதனை நடத்தலாம்.

முதலில், சட்டத்தைக் காட்டாமலே, டப்பாவுக்கு ஒரு லேபிள் எழுதுமாறு மாணவரிடம் கூற வேண்டும். அடுத்து, அதைப் படிக்கப்போகிறவர் யாவர், படிக்க இயலாமல் பிறரைக் கேட்டு அறிபவர் யாவர், பிழை நேர்ந்தால் துன்புறுபவர் யார் என்று பட்டியல் எழுதச் செய்ய வேண்டும். பட்டியலின் கடைசியில் வரும் சிசுவுக்கு லேபிளைப் படிக்கவும் இயலாது, முறையிடவும் இயலாது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். அதன் பின்பு சட்டத்தைக் கொடுத்து, தாம் எழுதியதை ஒப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். இறுதியாக, அந்த லேபிளை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து, அதன்படி மாவைக் கரைத்துக் காட்டுமாறு கேட்க வேண்டும். அவர் தவறாகக் கரைத்தால் அது அவருடைய அறியாமையன்று, எழுத்தின் குறையே என்று கொள்வது இப்பயிற்சியின் விதி.

இப்பயிற்சிக்கு மைசூர் பொருத்தமான ஊர். உணவு ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலிருந்து உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கப்பட்டு வருகிறது. 1969-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் மத்திய நிறுவனமும் இவ்வூரிலேயே உள்ளது. அறிவு நூல்களை இந்திய மொழிகளில் பெயர்ப்பதற்காக 2008-இல் தொடங்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் அந்நிறுவனத்தைச் சார்ந்தது. உணவை அறிந்தோரும் மொழியை அறிந்தோரும் ஒரே நகரில் வாழ்கின்றனர். இருவகை மாணவரும் ஒரே டப்பாவின் முன் அமர்ந்து எழுதினால், ஒருவர் காணாததை மற்றவர் காண்பர்.

எழுதுகிறவரின் கடமை

எழுதுகிறவர் தாமே முதலாளியல்லர். எச்சரிக்கையைச் சிறிய எழுத்தில் போடும்படியோ, கடுமையான சொல்லை மென்மையாக்கும்படியோ மேலதிகாரி கேட்கலாம். அப்போது என்ன செய்வது என்பதையும் மாணவர் முன்கூட்டியே சிந்தித்திருக்க வேண்டும். சச்சரவு செய்யத் தேவையில்லை. மாற்றத்தினால் யாருக்கு என்ன நேரக்கூடும் என்பதை விஷயமறிந்த நிபுணரிடம் கேட்டறிந்து, எழுத்து மூலமாகத் தெரிவிப்பது முதற்படி. பெரும்பாலும் அதுவே போதும்; தீங்கு இன்னதென்று எழுதப்பட்ட பின்பு அதை அனுமதிக்கக் கையெழுத்திடுவோர் அரியர். அதன் பின்னும் உண்மையை மறைக்கச் சொன்னால், அந்த வாசகத்தை எழுத மறுப்பதே நேர்மை. அதனால் வேலைக்கு இடையூறு வரலாம் என்பதையும் ஆசிரியர் மாணவரிடம் மறைக்கலாகாது.

எருமைப் பாலைச் சிசுவுக்கு ஏற்றதாக ஆக்குவதற்கு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்தனர். அவ்வுழைப்பு ஒரு குழந்தைக்கு நன்மையாக முடிவதும் தீமையாக முடிவதும் டப்பாவின் மேலுள்ள சில வரிகளையும் பொறுத்திருக்கிறது. அவ்வரிகளை எழுதப்போகும் மாணவருக்கு மொழியறிவோடு இந்தப் பொறுப்பையும் உணர்த்துவது ஆசிரியரின் கடமையாகும்.