பெண்களின் நாட்பட்ட நோவும் மருந்துப் பிறப்புரிமையியலும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

2006ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டம் இரு துயரங்களை ஒருசேரக் கண்டது. ஆகஸ்ட் மாதத்தில் மூதூரில் மூண்ட போர் பல்லாயிரவரை இடம்பெயரச் செய்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் சிக்குன்குனியாக் காய்ச்சல் கிழக்கிலும் யாழ்ப்பாணத்திலும் பரவியது. காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. மூட்டு நோவோ பலருக்குத் தணியவில்லை. இந்நோய் பரவிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் பலவும், மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு நோவு பெண்களையே மிகுதியாகப் பற்றுவதைக் காட்டியுள்ளன. வயலிற் களை பிடுங்குவோரும் கருவாடு உலர்த்துவோரும் இந்நோவைச் சுமந்துகொண்டே உழைக்கின்றனர். ஒரே குளிசை ஒருத்திக்குப் பயன் தருகின்றது. மற்றொருத்திக்கு ஒரு பயனும் தருவதில்லை. இன்னொருத்திக்கு மயக்கத்தையும் வாந்தியையும் தருகின்றது. இவ்வேறுபாட்டிற் பரம்பரை அலகுகளுக்குள்ள பங்கினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்துப் பிறப்புரிமையியல் என்னும் துறைப்பெயரை 1959இல் உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிச் வோகல். 1970களின் நடுப்பகுதியில் இலண்டனில் ரொபேட் சிமித் என்னும் ஆய்வாளர் குருதியமுக்கத்தைக் குறைக்கும் டெப்ரிசோகுயின் என்ற மருந்தைத் தாமே உட்கொண்டார். உடன் உட்கொண்ட ஏனையோருக்குப் பெரிதாக எதுவும் நேராதிருக்க, அவர் மட்டும் அமுக்கம் வீழ்ந்து நிலைகுலைந்தார். அம்மருந்தைச் சிதைக்கும் ஈரல் நொதியம் அவரிடம் செயலற்றிருந்தமை பின்னர் புலப்பட்டது. 1977இல் வெளியான அவ்வாய்வு, இன்று சிப் 2டி6 எனப்படும் நொதியத்தை அறிவதற்கு வழிவகுத்தது.

நோவு மருந்துகளைப் பொறுத்தவரை இந்நொதியம் முதன்மையானது. கோடீன் தன்னளவில் வலுக் குறைந்த பொருள். அதன் சிறு பகுதியை, ஏறத்தாழப் பத்திலொரு பங்கு வரை, இந்நொதியம் மோர்பீனாக மாற்றுகின்றது. நோவைத் தணிப்பது பெரிதும் அம்மோர்பீனே. ட்ராமடோலும் இதே நொதியத்தாற்றான் முழு வலுப் பெறுகின்றது. எனவே நொதியம் செயலற்றவளுக்கு இம்மருந்துகள் அதிகம் உதவா. நொதியம் மிகை வேகமாகச் செயற்படுபவளுக்கோ வழமையான அளவே நஞ்சாகக்கூடும். கோடீனாலும் ட்ராமடோலாலும் பாலருந்தும் குழந்தைக்கு மூச்சுத் தளரும் ஆபத்துண்டு என்பதால், பாலூட்டும் தாய்மார் இவற்றைத் தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017இல் அறிவுறுத்தியது.

அழற்சி தணிக்கும் மருந்துகளிலோ நிலைமை வேறு. ஐபுபுரோபென், பைரொக்சிகாம், செலகொக்சிப் முதலியன உட்கொள்ளும்போதே வலுவுடையன. அவற்றைச் சிதைத்து அகற்றுவது சிப் 2சி9 என்னும் நொதியம். அது மந்தமானால் மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். இரைப்பைக் குருதிக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் நேரும் வாய்ப்பு உயரும். ஆகவே ஓரிடத்தில் நொதியக் குறைவு மருந்தைப் பயனற்றதாக்குகின்றது. பிறிதோரிடத்தில் அதுவே மருந்தை மிகையாக்குகின்றது. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்னும் ஒரே முறையீட்டுக்குள் இவ்விரு நேரெதிர் நிலைகளும் மறைந்திருத்தல் கூடும்.

இதிற் பெண்களுக்கெனத் தனித்தன்மை உண்டா? 2003இல் ஜெப்ரி மொகில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. செம்பட்டை மயிருக்குக் காரணமான பரம்பரை அலகின் மாற்றுருக்களைக் கொண்ட பெண்களிடம் பென்ரசோசின் என்னும் நோவு நீக்கி மிகுந்த பயன் தந்தது. ஆண்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. அம்மாற்றுருக்கள் எம்மவரிடம் அரியன. எனினும், ஒரே பரம்பரை அலகு ஆணிடமும் பெண்ணிடமும் வெவ்வேறு விளைவைத் தரலாம் என்னும் உண்மை எங்கும் பொருந்துவது. கருப்பகாலத்தில் சிப் 2டி6 நொதியத்தின் செயல் உயர்கின்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவொக்சற்றீனோ அதனைத் தடுக்கின்றது. ஆகவே நோவுக்கு ட்ராமடோலும் சோர்வுக்குப் புளுவொக்சற்றீனும் ஒருங்கே பெறும் பெண்ணுக்கு, அவளது பரம்பரை அலகு குறையற்றதாயினும், நோவு தணியாது போகலாம். அவ்விணைப்பு வேறு தீங்குகளையும் விளைக்க வல்லது.

இத்தகைய செய்திகள் காலந்தாழ்த்தி வெளிப்பட்டமைக்குச் சமூகக் காரணம் உண்டு. 1977இல் அமெரிக்க நிருவாகம் பிள்ளைபெறும் வயதுப் பெண்களை மருந்துப் பரிசோதனைகளின் தொடக்கக் கட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. அவ்விலக்கு 1993இலேயே நீக்கப்பட்டது. ஆணுடலை அளவுகோலாகக் கொண்டு அறியப்பட்ட மருந்தளவுகள் பல, பெண்ணுடலுக்கும் அவ்வாறே வழங்கப்பட்டன.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் இம்மாவட்டத்தில், மருந்துக்குரிய மாற்றுருக்களை இனப்பெயரோடு பிணைப்பது அறிவியலாகாது. அவற்றின் விகிதம் மக்கட்கூட்டங்களிடையே வேறுபடலாம். ஆயினும் ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாடே பெரிது. நோயாளியின் பெயரையோ மொழியையோ கொண்டு அவளது நொதியத்தை அறிதல் இயலாது.

அவ்வாறாயின் செய்யக்கூடியது யாது? இலங்கையின் மருந்துக் கொள்கைக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்துகளை மட்டும் வணிகப் பெயரின்றி மலிவாக வழங்கும் நெறியை வகுத்தார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. குறுகிய மருந்துப் பட்டியலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் உடலும் முரண்படுவன எனச் சிலர் கருதலாம். முரண்பாடில்லை. ஒரே நொதியத்தை நம்பியிருக்கும் பல மருந்துகளுக்குப் பதிலாக, வெவ்வேறு நொதிய வழிகளைச் சார்ந்த சில மருந்துகளைப் பட்டியலிற் சேர்ப்பதே தேவை. கோடீன் பயன்தராதபோது அளவைக் கூட்டாமல் வழியை மாற்றுவதற்கு அது இடமளிக்கும்.

பரம்பரை அலகுச் சோதனை எங்கும் எளிதிற் கிட்டும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. முன்னர் எந்தக் குளிசை பயனளிக்கவில்லை, எது மயக்கியது, இரத்த உறவினர் எவருக்கேனும் அவ்வாறு நேர்ந்ததா, வேறு என்ன மருந்து உட்கொள்கிறாள், கருவுற்றிருக்கிறாளா, பாலூட்டுகிறாளா என்னும் வினாக்களுக்குச் செலவில்லை. 'குளிசை கேட்கவில்லை' என்று கூறும் பெண்ணின் சொல்லைப் புனைவென்றோ மனப்பலவீனமென்றோ ஒதுக்காது, அதனை உடலியற் சான்றாகப் பதிவுசெய்தலே மருந்துப் பிறப்புரிமையியல் எமது வைத்தியசாலைகளிடம் வேண்டும் முதற் பணியாகும்.